எந்தக் கல்லூரியில் சேர்ப்பது? – ஒரு கடிதம்

வணக்கம் டாக்டர்,

அருப்புக்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். கணவர் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் டாக்டருக்குப் படிக்கப்போகும் முதல் ஆள் என் மகள்தான். மாநிலக் கலந்தாய்வின் முதல் சுற்றில் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்திருக்கிறது. அகில இந்திய ஒதுக்கீட்டின் முதல் சுற்றில் மகாராஷ்டிராவில் நாந்தேட் அரசுக் கல்லூரி. என் கொழுந்தனார் இரண்டுமே வேண்டாம் என்கிறார். அடுத்த சுற்றில் சென்னையில் பேர்போன நிகர்நிலைப் பல்கலைக்கழகம் கிடைத்துவிடுமாம், நிலத்தை விற்றுவிடலாமாம். மகளுக்கோ நாந்தேட் மேல்தான் ஆசை. வெளியே போய்ப் படித்தால்தான் தைரியம் வரும் என்கிறாள். எதைப் பார்த்து முடிவு செய்வது?

ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

முதலில் நிலத்தை விற்காதீர்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக் கட்டணமே பெரும்பாலும் இருபது லட்சத்துக்கு மேல். படிப்பு நாலரை ஆண்டு, அப்புறம் ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜனாக ஆஸ்பத்திரியில் பயிற்சி. கணக்கு கோடியைத் தொடும். அதே எம்.பி.பி.எஸ். பட்டத்தை ஆண்டுக்குச் சில ஆயிரம் கட்டணத்தில் படிக்க உங்கள் மகளுக்கு விருதுநகரில் இடம் கிடைத்திருக்கிறது. பின்னாளில் முதுநிலை நீட் எழுத உட்காரும்போது எந்தக் கல்லூரி என்று வினாத்தாள் கேட்கப்போவதில்லை. கொழுந்தனார் மனம் நோகாமல் இதைச் சொல்லும் வழி உங்களுக்கே தெரிந்திருக்கும்.

மீதி இரண்டு. இதைத்தான் யோசிக்க வேண்டும்.

கல்லூரியின் பேரையும் கட்டடத்தையும் விட்டுவிட்டு, அதன் ஆஸ்பத்திரி வாசலில் யார் வந்து நிற்கிறார்கள் என்று பாருங்கள். டாக்டரை உருவாக்குவது பேஷண்ட்தான். விருதுநகர் 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினொரு கல்லூரிகளில் ஒன்று. அதனால் 'புதுக் காலேஜ்' என்று தள்ளுகிறார்கள். புதிது கல்லூரிதான். ஆஸ்பத்திரி, ஏற்கெனவே மாவட்டத் தலைமை மருத்துவமனையாக இருந்தது. சுற்றுவட்டாரத்துச் சர்க்கரை, பிரஷர், பிரசவம், பாம்புக்கடி எல்லாம் கல்லூரி வருவதற்கு முன்பே அங்கே வந்துகொண்டிருந்தவை. சாத்தூர், சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைகளில் விபத்து நடந்தால் தீக்காயம் எப்படி இருக்கும் என்பதையும் அந்த மாவட்டத்தில் படிக்கும் பிள்ளை நேரில் பார்க்க நேரும். பார்க்காமல் இருந்தால் நல்லது என்று தோன்றும், ஆனால் யாராவது பார்த்துக் கற்றுக்கொண்டாக வேண்டும்.

குறை இல்லையா? இருக்கிறது. மதுரை ராஜாஜி மருத்துவமனை ஒரு மணி நேரத் தூரத்தில் இருப்பதால் சிக்கலான கேஸ்கள் அங்கே போய்விடும். பேராசிரியர் பற்றாக்குறையும் உண்டு. இது விருதுநகருக்கு மட்டும் உரியதல்ல. தமிழ்நாட்டின் பல அரசுக் கல்லூரிகளுக்குத் தேசிய மருத்துவ ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது.

நாந்தேட் மோசமான இடம் இல்லை. அதுவும் அரசு ஆஸ்பத்திரிதான், கூட்டத்துக்குக் குறைவிருக்காது. என் தயக்கம் வேறு. இறுதியாண்டு மாணவர்களுக்குத் தேர்வாளராக நான் போயிருக்கிறேன். ஒருமுறை, இதயம் பலவீனமான ஒரு பாட்டியிடம் ஒரு மாணவி ஹிஸ்டரி எடுத்துக்கொண்டிருந்தாள், அதாவது நோய் வந்த கதையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ராத்திரி எத்தனை தலகாணி வச்சுப் படுப்பீங்க பாட்டி?" என்று கேட்டாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கேள்வி. பாட்டி, "படுத்தாத்தானே தாயி தலகாணி? செவத்துல சாஞ்சுக்கிட்டே விடியவிடிய கெடக்கேன்" என்றார். அந்தப் பெண் அடுத்து, "எத்தனை நாளா இப்படி?", "கால் வீக்கம் அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று பிடித்துக்கொண்டு போனாள். ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டுவதற்கு முன்பே அவளுக்கு நோய் பாதி பிடிபட்டுவிட்டது. இதே உரையாடலை, வார்டுக்குப் போக ஆரம்பிக்கும் காலத்தில், பாதி புரிந்த மராத்தியில் உங்கள் மகள் நடத்த வேண்டியிருக்கும். நடத்திவிடுவாள்தான். வெளிமாநிலம் போன பிள்ளைகள் சீக்கிரமே மொழியைப் பிடித்துக்கொள்கிறார்கள், இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் சண்டைகூடப் போடுகிறார்கள். ஆனால் அந்த ஆரம்ப மாதங்களில் நழுவுவது கொஞ்சநஞ்சமல்ல.

இன்னும் இரண்டு விஷயம். மகாராஷ்டிர அரசுக் கல்லூரிகளில் படித்து முடித்தபின் ஓராண்டு கட்டாயப் பணி, இல்லையென்றால் பத்து லட்சம் கட்ட வேண்டும் என்று பாண்டு (ஒப்பந்தப் பத்திரம்) உண்டு. கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். அடுத்து, முதுநிலை மருத்துவப் படிப்பில் வசிப்பிடத்தை வைத்து ஒதுக்கீடு தருவது செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. படித்த கல்லூரியை வைத்து ஓரளவு முன்னுரிமை தரலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே 'எங்கே படித்தாலும் எம்.டி.க்கு நம்ம ஊருக்கு வந்துவிடலாம்' என்ற பழைய கணக்கை நம்பி வெளியே போக வேண்டாம்.

மகளின் ஆசையை நான் சின்னதாக நினைக்கவில்லை. பதினெட்டு வயதில் வீட்டைவிட்டுத் தள்ளி இருக்க நினைப்பதில் தப்பே இல்லை. அதற்கு நாந்தேட் வரை போக வேண்டுமா என்பதுதான் கேள்வி. இப்போது விருதுநகரில் சேர்த்துவிட்டு, மாநிலக் கலந்தாய்வின் இரண்டாம் சுற்றில் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரிக்கு முயற்சி செய்யுங்கள். 1965-இல் தொடங்கிய கல்லூரி, நாலு மாவட்டத்துக் கூட்டம் வந்து சேரும் ஆஸ்பத்திரி. ஹாஸ்டல் வாழ்க்கையும் கிடைக்கும். ஆண்டுக்கு 250 பேர் என்பதால் ஒரு கட்டிலைச் சுற்றிப் பத்துப் பதினைந்து தலைகள் நிற்கும், முண்டியடிக்கத் தெரிய வேண்டும். தைரியம் வேண்டும் என்கிறாளே, அங்கே தானாக வந்துவிடும். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள்: மேல்சுற்றில் வேறு இடம் ஒதுக்கிவிட்டால் கையில் இருக்கும் இடம் போய்விடும். விருதுநகரைவிட நிஜமாகவே பிடித்த கல்லூரிகளை மட்டும் பட்டியலில் போடுங்கள்.

நாந்தேட் முதல் சுற்று என்பதால் சேராமல் விட்டாலும் கலந்தாய்வுக்குக் கட்டிய வைப்புத்தொகை போகாது. இரண்டாம் சுற்றில் கிடைத்ததை விட்டால் போகும். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு அது இரண்டு லட்சம். கொழுந்தனார் பேச்சைக் கேட்டு ஒப்புக்கு ஒரு பேரைப் போட்டுவைக்காதீர்கள்.

சேரும் முன் ஒருநாள் காலை எட்டு மணிக்கு மகளை விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். டூட்டி முடிந்து டீ குடிக்க வரும் ஹவுஸ் சர்ஜன்களிடம் அவளே பேசட்டும். லேபர் வார்டில் தாங்களே எத்தனை பிரசவம் பார்த்தார்கள், காஷுவால்ட்டியில் தையல் போட விடுகிறார்களா, ரவுண்ட்ஸில் நின்று சொல்லித்தரும் சார் யார், மேடம் யார் என்று கேட்கட்டும். நீங்கள் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் அந்தப் பிள்ளைகள் 'எல்லாம் நல்லா இருக்கு ஆன்ட்டி' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.