கையசைத்து ஆடும் கேம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் அண்ணன், டிவியில் மாட்டி ஆடும் தன் பழைய நின்டெண்டோ வீ கேம் கன்சோலை எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார். பிளக்கை மட்டும் மாற்றி மாட்டிவிடலாமா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேண்டவே வேண்டாம். அடாப்டரில் அச்சிட்டிருப்பதை முதலில் படியுங்கள். அமெரிக்காவில் விற்ற வீ அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டுமே செய்யப்பட்டது. நம் வீட்டு மின்சாரமோ 230 வோல்ட். செல்போன் சார்ஜர் இரண்டையும் தாங்கும், இது தாங்காது. பிளக் மாற்றும் அடாப்டர் வோல்ட்டேஜைக் குறைக்காது என்பதும் நினைவிருக்கட்டும். 230-ஐ 110 அல்லது 120 ஆக இறக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம். கன்சோலுக்குப் போவது 12 வோல்ட், 3.7 ஆம்பியர்தான், அதாவது சுமார் 45 வாட். அதனால் 100 வாட் டிரான்ஸ்ஃபார்மர் போதும். ஐரோப்பாவில் விற்ற 220–240 வோல்ட் வீ அடாப்டர் கிடைத்தால் அதுவே மேல்; கன்சோலுக்குத் தரும் 12 வோல்ட் இரண்டிலும் ஒன்றுதான்.

டிஸ்க் வாங்கும்போதும் கவனம் தேவை. அமெரிக்க வீயில் அமெரிக்க டிஸ்க் மட்டுமே ஓடும். இங்கே பழைய கடைகளில் கிடைக்கும் ஐரோப்பிய டிஸ்க் ஓடாது.

கேள்வி: ரிமோட்டை நீட்டும் இடத்தைத் திரையில் காட்டும் கை உருவம் நடுங்குகிறது, திடீரென்று காணாமல் போகிறது. ரிமோட் கெட்டுவிட்டதா? – வாசகர், திருநெல்வேலி

பதில்: பெரும்பாலும் ரிமோட்டில் குறை இருக்காது. டிவியருகே வைக்கும் அந்த மெல்லிய சென்சார் பாரைப் பாருங்கள். பெயர் சென்சார் என்றாலும் அது எதையும் உணர்வதில்லை. அதன் இரு முனைகளிலும் அகச்சிவப்பு விளக்குகள் எரிகின்றன, அவ்வளவுதான். ரிமோட்டின் முகப்பில் உள்ள சிறு கேமரா அந்த இரண்டு ஒளிப்புள்ளிகளைப் பார்த்து, தான் எங்கே நீட்டப்பட்டிருக்கிறது என்று கணக்கிடுகிறது. புள்ளி ஒன்று மறைந்தாலும், மூன்றாவதாக ஒன்று முளைத்தாலும் கணக்கு குழம்பிவிடும்.

விளக்குகள் எரிகின்றனவா என்று கண்ணுக்குத் தெரியாது. செல்போனின் செல்ஃபி கேமரா வழியே பாருங்கள். பெரும்பாலான போன்களில் இரு முனையும் வெளிர் ஊதாவாகத் தெரியும். ஒரு முனை இருட்டாக இருந்தால் பார்தான் போய்விட்டது. இரண்டும் எரிந்தால், பாரை டிவியின் நடுவில், மேசை விளிம்பை ஒட்டி முன்னே இழுத்து வையுங்கள். உள்ளே தள்ளி வைத்தால் மேசைப் பலகையே ஒளியை மறைக்கும். டிவிக்கு மேலேயா கீழேயா என்பதை செட்டிங்ஸில் சென்சார் பார் பகுதியில் சொல்லிவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் கை உருவம் நீங்கள் காட்டும் இடத்தில் நிற்காது. ஆடுபவர் 1 மீட்டரிலிருந்து 3 மீட்டருக்குள் நிற்கட்டும்.

அதே பகுதியில் சென்சிட்டிவிட்டி என்று 1 முதல் 5 வரை இருக்கும். அதைத் திறந்தால் கேமரா காணும் புள்ளிகளைத் திரையிலேயே காட்டும். சரியாக இரண்டு புள்ளிகள் அசையாமல் தெரிய வேண்டும். மங்கினால் எண்ணைக் கூட்டுங்கள். கூடுதலாகப் புள்ளி தெரிந்தால் குறைத்துப் பாருங்கள். அப்போதும் போகவில்லை என்றால் அறையில் வேறு ஒளி இருக்கிறது. டிவிக்குப் பின்னால் வெயில் விழும் ஜன்னல், ஒளியைப் பிரதிபலிக்கும் கண்ணாடி அலமாரி, எரியும் குத்துவிளக்கு எல்லாமே அகச்சிவப்பைக் கொண்டுவரும். பார் உடைந்துபோன வீட்டில், 20 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினால் ரிமோட் அதையே பாராக ஏற்றுக்கொள்ளும். சோதித்துப் பார்க்க மட்டும் இது. பிள்ளைகள் கை வீசும் இடத்தில் நெருப்பு வேண்டாம்.

கேள்வி: வீ ஸ்போர்ட்ஸ் டென்னிஸில் நான் முழுக் கையை வீசியும் தோற்கிறேன். பத்து வயது மகன் சோபாவில் உட்கார்ந்து மணிக்கட்டை ஆட்டியே ஜெயிக்கிறான். இதென்ன நியாயம்? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: 2006-இல் வந்த அந்த ரிமோட்டுக்கு உங்கள் கை எங்கே இருக்கிறது என்று தெரியாது. உள்ளே இருக்கும் ஆக்சிலரோமீட்டர், அசைவின் வேக மாற்றத்தை மட்டும் மூன்று திசைகளில் அளக்கிறது. நீங்கள் அடிப்பதற்காகக் கையைப் பின்னால் வேகமாக இழுத்தால், அதையே அடி என்று எடுத்துக்கொண்டுவிடும். பந்து வரும்போது மட்டை ஏற்கெனவே சுழன்று முடிந்திருக்கும். பின்னிழுப்பை மெதுவாக, முன்வீச்சைச் சுருக்கமாக, வெடுக்கென்று செய்யுங்கள். ஓடுவதை ஆட்டமே பார்த்துக்கொள்ளும். உங்கள் வேலை நேரம் பார்த்து அடிப்பதுதான். வலக்கை ஆட்டக்காரர் ஃபோர்ஹேண்டைச் சற்று முந்தி அடித்தால் பந்து இடப்பக்கம் போகும், பிந்தினால் வலப்பக்கம்.

முதல் நாள் டென்னிஸில் தொடங்காமல், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங்கில் தொடங்குவதே எங்கள் அழுத்தமான யோசனை. அடிப்புற பி பட்டனைப் பிடித்தபடி கையைப் பின்னே கொண்டுபோய், முன்னே வரும்போது பட்டனை விட வேண்டும். பந்து கையை விட்டுப் போகவில்லை என்பவர்கள் பட்டனை விட மறந்தவர்களே. மணிக்கட்டு திரும்பினால் பந்து வளைந்து ஓடும். பாட்டிக்கும் ஐந்து நிமிடத்தில் பிடிபடும் ஆட்டம் இது.

மணிக்கட்டு வாரை மாட்டி, அதன் பூட்டை இறுக்காமல் யாரும் ஆட வேண்டாம். வியர்த்த கையிலிருந்து ரிமோட் டிவிக்குப் பாய்வது கற்பனை இல்லை. வெளிவந்த சில மாதங்களுக்குள்ளேயே நின்டெண்டோ நிறுவனம் இன்னும் தடித்த வாரைக் கொடுக்க வேண்டியிருந்தது. 2007-இல் சிலிக்கோன் உறையும் சேர்ந்தது.

கேள்வி: மறுநாள் தோள்பட்டை வலிக்கிறதே? – வாசகி, மதுரை

பதில்: 2007-லேயே ஒரு மருத்துவ இதழில் இப்படி ஒரு தோள் தசைநார் அழற்சி பதிவாகியிருக்கிறது. அரை மணிக்கு ஒரு முறை நிறுத்துங்கள், வலி இருக்கும் நாளில் ஆடாதீர்கள், தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: பழையதாக வாங்கிய இரண்டாவது ரிமோட் இணையவே மறுக்கிறது. – வாசகர், சேலம்

பதில்: முந்தைய வீட்டுக் கன்சோலோடு அது இணைந்திருக்கும். புதிய ஏஏ செல் இரண்டு போட்டு, செல் அறைக்குள் இருக்கும் சிவப்பு சிங்க் (இணைக்கும்) பட்டனை ஒரு முறை அழுத்துங்கள். நீல விளக்குகள் சிமிட்டும்போதே, கன்சோலின் முன்பக்க எஸ்டி கார்டு மூடிக்குள் இருக்கும் சிவப்புப் பட்டனையும் அழுத்துங்கள். ஒரு விளக்கு மட்டும் நிலைத்து எரிந்தால் இணைந்துவிட்டது. இப்படி ஒரே நேரத்தில் நான்கு ரிமோட் வரை இணைத்து ஆடலாம்.