நான்கு மில்லிமீட்டர் எழுத்து

அன்புள்ள ஐயா,
பேரணாம்பட்டில் தோல் சீவும் கத்தி செய்கிறோம். 12 வோல்ட் அடாப்டரும் உப்புத்தண்ணீரும் வைத்து, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கடைப் பெயர் பதிக்கிறோம். ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுகிறோம், எழுத்து 4 மி.மீ. உயரம். ஓரமெல்லாம் கசிந்து மொத்தையாகிறது. 'க', 'ஓ' இரண்டும் வெறும் பொட்டாகத் தெரிகின்றன. வோல்ட்டைக் கூட்டலாமா?

வணக்கம்.
கூட்டாதீர்கள். சூடுதான் ஏறும். சூட்டில் ஸ்டிக்கர் பசை இளகி, உப்புத்தண்ணீர் அடியில் புகுந்துவிடும். உப்புத்தண்ணீரில் நனைத்த பஞ்சை 3 வினாடி வைத்து எடுத்து, ஆறவிட்டு மறுபடி வையுங்கள். பத்துப் பன்னிரண்டு தடவை போதும். பிளஸ் கத்திக்கு, மைனஸ் பஞ்சுக்கு.

'க', 'ஓ' போவதற்குக் காரணம் வேறு. சுழிக்குள் இருக்கும் குட்டித் துண்டு எதோடும் ஒட்டியிருக்காது, ஸ்டிக்கரை உரிக்கும்போதே கூட வந்துவிடும். இவ்வளவு சின்ன எழுத்துக்கு ஸ்டிக்கரை விட்டுவிடுங்கள். சர்க்யூட் போர்டு செய்கிறவர்கள் வாங்கும் நீல நிற டிரை ஃபிலிம்தான் (வெளிச்சம் பட்டால் இறுகும் ஒட்டுப் படலம்) சரி.

கத்தியை 600 நம்பர் எமரித் தாளால் தேய்த்து, அசிட்டோனில் துடைத்தபின் விரல் படக்கூடாது. டியூப்லைட் அணைத்து, மஞ்சள் வெளிச்சத்தில் வேலை செய்யுங்கள். ஃபிலிமின் உள்தாளை மட்டும் உரித்து ஒட்டி, மேலே காகிதம் வைத்து இஸ்திரிப் பெட்டியின் குறைந்த சூட்டில் அழுத்துங்கள். அந்தச் சூட்டில் கத்தியின் பதம் கெடாது.

வெளிச்சம் பட்ட இடம் இறுகும், படாத இடம் கரையும். அதனால் ஃபிலிம் மேல் வைக்க அச்சடிக்கும் கண்ணாடித்தாளில் எழுத்து கறுப்பாக இருக்க வேண்டும். லேசர் பிரிண்ட்டை இடம்வலம் மாற்றி எடுங்கள். அப்போதுதான் மை பட்ட பக்கம் ஃபிலிமைத் தொடும். மை மேல்பக்கம் இருந்தால் தாளின் கனத்துக்குள் வெளிச்சம் சாய்ந்து நுழைந்து ஓரம் மங்கும். மேலே கண்ணாடி வைத்து அழுத்தி, நெயில் பாலிஷ் காயவைக்கும் யூ.வி. விளக்கைக் காட்டுங்கள். வேலூர் வெயில் வேண்டாம், ஒரு மேகம் வந்தால் கணக்கு மாறிவிடும். முதலில் ஒரு துண்டுத் தகட்டை அட்டையால் மறைத்து மறைத்து 30, 60, 90, 120 வினாடி பாருங்கள்.

அடுத்து ஃபிலிமின் மேல்தாள். இதை உரிக்க மறந்துவிட்டு ஃபிலிமைக் கரைக்கும் மருந்தைக் குறை சொல்கிறவர்கள் நிறையப் பேர். உரித்தபின், 1 லிட்டர் தண்ணீரில் 10 கிராம் வாஷிங் சோடா (ஆப்ப சோடா அல்ல) கரைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தடவுங்கள். எழுத்துக்குள் உலோகம் பளிச்சென்று தெரிய வேண்டும். நீலப் படலம் கொஞ்சம் நின்றாலும் அந்த இடத்தில் கரண்ட் பாயாது, எழுத்து திட்டுத்திட்டாக விழும். ஃபிலிம் முழுதும் கழன்றால் வெளிச்சம் போதவில்லை. எழுத்து திறக்காவிட்டால் அதிகம்.

பிறகு முன் சொன்னபடி பஞ்சு வைத்துப் பதியுங்கள். கையுறையும் திறந்த ஜன்னலும் அவசியம். பதிக்கும்போது வரும் பழுப்புத் தண்ணீரில் குரோமியம் இருக்கும். குரோமியக் கழிவு ராணிப்பேட்டையை என்ன செய்தது என்று நம் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. சாக்கடையில் ஊற்றாமல் மூடி போட்ட கேனில் சேர்த்து, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

கடைசியில் ஃபிலிமை அசிட்டோனில் துடைத்து, ஆப்ப சோடா தண்ணீரில் கழுவி, எண்ணெய் பூசுங்கள். உப்பு நின்றால் எழுத்துக்குள்ளேயே துரு பிடிக்கும்.