டோங்காட் கரும்புச் சாம்பலும் கருப்பு காரும்: எந்த கோட்டிங் போடலாம்?

தென்னாப்பிரிக்கால டர்பன் பக்கத்துல இருக்கற டோங்காட்லேர்ந்து வந்த கேள்வி இதுதான்: "அண்ணா, நாங்க டோங்காட்ல இருக்கோம். கருப்பு கலர் கொரோலா கிராஸ் புக் பண்ணிருக்கோம், அடுத்த வாரம் டெலிவரி. நான் தினம் என்2 ரோட்ல டர்பன் போய்ட்டு வரணும், மாசத்துக்கு ஒருதடவை அவர் ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்) எடுத்துட்டு போவார். வீட்ல கராஜ் கிடையாது, மரத்தடிலதான் நிக்கும். ஷோரூம்ல 8,000 ராண்டுக்கு செராமிக் கோட்டிங் போட்டுத் தர்றோம், ஃபைனான்ஸ்லயே சேத்துக்கலாம்ங்கறாங்க. கொழுந்தனார் பெயின்ட் மேல ஒட்டற பிபிஎஃப் படலம்தான் ஒட்டணும்ங்கறார், பக்கத்து வீட்டு அங்கிள் டெஃப்ளான் போதும்ங்கறார். எதைப் போடறது?"

தங்கச்சி, முதல்ல ஷோரூம்காரங்களுக்கு வேணாம்னு சொல்லிடுங்க. கோட்டிங் கெட்டதுன்னு சொல்லல, காசு கணக்குதான் இடிக்குது. 8,000 ராண்டை கார் கடனோட சேத்து 12 சதவீத வட்டில 72 மாசம் கட்டினா கடைசில 11,260 ராண்ட் பக்கம் போய் நிக்கும், அந்த கோட்டிங்கோ ரெண்டு மூணு வருஷத்துல தேய்ஞ்சு போயிருக்கும், நீங்க இல்லாத கோட்டிங்குக்கு மிச்ச வருஷமெல்லாம் வட்டி கட்டிட்டு இருப்பீங்க. அதோட டெலிவரி அவசரத்துல பெயின்ட்டை சரியா தயார் பண்ணாம மேலாப்புல தடவி அனுப்புற இடமும் உண்டு, கைல ஒரு கார்டு மட்டும் வரும், எந்த பிராண்ட், எத்தனை கோட்னு அதுல ஒண்ணும் இருக்காது. முடிஞ்சா இன்னொண்ணும் சொல்லிடுங்க, வண்டியை அவங்களே கழுவித் தொடைக்க வேணாம், லாரில வந்த தூசியோட அப்படியே குடுங்கன்னு. கருப்பு வண்டில பாதி சிலந்திவலைக் கீறல் அந்த முதல் வாஷ்லதான் விழுது.

இப்ப பெயின்ட் எப்படி இருக்கும்னு பாத்துடலாம், அது தெரிஞ்சா மீதி தானா புரியும். தகடு மேல பிரைமர், அதுக்கு மேல கலர், அதுக்கு மேல கண்ணாடி மாதிரி கிளியர்கோட், எல்லாம் சேத்தே 100லேர்ந்து 150 மைக்ரான்தான் வரும். அதுல கிளியர்கோட் மட்டும் 40, 50 மைக்ரான், நம்ம தலைமுடி தடிமன்கூட கிடையாது. வெயில், எச்சம், உப்பு எல்லாத்தையும் தாங்கறது அந்த மெல்லிசு லேயர்தான், ஒவ்வொரு தடவை மெஷின் பாலிஷ் போடும்போதும் அதுலேர்ந்துதான் கொஞ்சம் சீவி எடுக்கறோம். அதனால வருஷா வருஷம் பாலிஷ் போடலாம்னு யாராவது சொன்னா ஓடிடுங்க.

உங்க வண்டிக்கு வரப்போற தொல்லை என்னென்ன? டோங்காட்னா கரும்புச் சாம்பல் பத்தி நான் சொல்லவே வேணாம், ஏப்ரல்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் வெட்டறதுக்கு முன்னால காட்டுக்கு தீ வெப்பாங்க, காலைல எந்திரிச்சா கொடில காயுற துணி மேலயும் பானட் மேலயும் கருப்பு கருப்பா நூல் மாதிரி கெடக்கும். ஊர்ல கரும்புச் சோகை கையக் கிழிச்சது ஞாபகம் இருக்கா? அதுல சிலிக்கா ஜாஸ்தி, எரிஞ்சாலும் அது போகாது, சாம்பல்லயே நிக்கும். அந்த சாம்பலை காய்ஞ்ச துணிய வெச்சு தொடச்சா உப்புத்தாள் போட்டு தேய்க்கற மாதிரிதான், அதுவும் கருப்பு வண்டில! ராத்திரி பனில நனைஞ்சு அப்படியே காய்ஞ்சா கறையும் பிடிக்கும். எந்த கோட்டிங் போட்டாலும் சரி, சாம்பல் விழுந்தா முதல்ல ஹோஸ்ல தண்ணி அடிச்சு தள்ளி விடணும், கையே படக்கூடாது. தண்ணி வராத நாள்னா அப்படியே ஓட்டிட்டு போங்க, பாதி காத்துல பறந்துடும், மீதி கெடந்தா கெடக்கட்டும்.

ரெண்டாவது தொல்லை ஹாடிடா பறவை. விடியக்காலைல கத்தி எழுப்பறது போதாதுன்னு மரத்தடில வண்டி நின்னா அது வேலைய காட்டும். எச்சத்துல இருக்கற அமிலம், மேல வெயில் சூடு, ரெண்டும் சேந்து கிளியர்கோட்டை தின்னுடும். என் வண்டிலயே ஒரு தடவ ரெண்டு நாள் ஊர்ல இல்லாம வந்து பாத்தேன், எச்சத்தை நனைச்சு எடுத்தாச்சு, ஆனா அந்த எடத்துல அஞ்சு ராண்ட் காசு அளவுக்கு ஒரு வட்டம், வெரலால தடவுனா லேசா சொரசொரன்னு இருக்கு, சாய்ச்சு பாத்தா பளபளப்புக்கு நடுவுல மங்கலா ஒரு தீவு மாதிரி தெரியுது. அந்த பானட்ல செராமிக் இருந்துச்சு, அதையும் மீறித்தான் இது. செராமிக் போட்டா உங்களுக்கு சில மணி நேரம் கூடுதலா கிடைக்கும், அவ்வளவுதான். டேஷ்போர்டுல ஒரு ஸ்ப்ரே பாட்டில் தண்ணியும் ரெண்டு மைக்ரோஃபைபர் துணியும் வெச்சுக்குங்க, எச்சத்தை நல்லா ஊற வெச்சு தூக்கி எடுங்க, தேய்க்காதீங்க.

மூணாவது கல்லு. ஜோபர்க் போற என்3 ரோட்ல லாரிக்கு பின்னாடி வேன் ரீனன்ஸ் பாஸ் மலைப்பாதை ஏறி இறங்குறவங்களுக்கு இது நல்லா தெரியும். ஒரு சின்ன ஜல்லி வந்து அடிச்சா பெயின்ட் தகடு வரைக்கும் பேந்துடும், அப்பறம் கடல் காத்து உப்பு அதுல உக்காந்து துருப்பிடிக்க ஆரம்பிக்கும்.

இந்த மூணையும் மனசுல வெச்சுக்கிட்டு பொருளை பாருங்க. செராமிக்னு விக்கறது சிலிக்கா சம்பந்தப்பட்ட ஒரு திரவம், பூசினா காத்துல இருக்கற ஈரத்தோட சேந்து இறுகிடும், தடிமன் ஒண்ணு ரெண்டு மைக்ரான். ஒண்ணு ரெண்டு மைக்ரான் கல்லை எப்படி தடுக்கும், நீங்களே சொல்லுங்க. 9எச்னு பெருசா போட்டிருப்பாங்க, அது பென்சிலால கீறிப் பாக்கற டெஸ்ட்ல வர்ற அளவு, வைரத்தோட கடினம் அளக்கற அளவு இல்ல, அதை வெச்சு கீறலே விழாதுன்னு சொல்றது சுத்த ரீல். கிராஃபீன்னு வர்றதும் பெரும்பாலும் செராமிக்தான், கொஞ்சம் கிராஃபீன் ஆக்சைடு கலந்து வெலைய ஏத்தி விக்கறாங்க. ஆனா செராமிக்ல நெஜமான லாபம் ஒண்ணு இருக்கு, அழுக்கு ஒட்டாது, சாம்பல் தண்ணியோட வழுக்கிட்டு போயிடும், தேய்க்கற வேலை குறையும், தேய்ப்பு குறைஞ்சா கீறலும் குறையும். உங்க ஊருக்கு அதுவே பெரிய விஷயம். ஒரு கெட்டதும் இருக்கு. தண்ணி முத்து முத்தா நிக்குதுன்னு எல்லாரும் வீடியோ எடுக்கறாங்கல்ல, அந்த முத்து வெயில்ல அப்படியே காய்ஞ்சா ஒவ்வொண்ணும் ஒரு வெள்ளை வளையம் விட்டுட்டு போகும், கருப்புல அது அம்மை போட்ட மாதிரி தெரியும். அதனால கழுவின உடனே ஒத்தி எடுத்துடணும்.

பிபிஎஃப்ங்கறது வேற சாதி. தெளிவான யூரித்தேன் படலம், 150லேர்ந்து 200 மைக்ரான் வரும், அதாவது உங்க மொத்த பெயின்ட்டையும் விட தடிமன். வியட்நாம் போர் சமயத்துல ஹெலிகாப்டர் இறக்கையை மணல், கல்லுலேர்ந்து காப்பாத்த உண்டான படலத்தோட வாரிசு இது. கல்லு அடிச்சா அடிய இதுவே வாங்கிக்கும், சின்ன கீறல்னா வெயில் சூட்டுல தானா ஆறிடும். உங்க கொழுந்தனார் சொல்றது தப்பில்ல, ஆனா முழு வண்டிக்கும் ஒட்டினா செலவு தாங்காது, கொரோலா கிராஸுக்கு அது தேவையும் இல்ல. முன் பம்பர், பானட், ரெண்டு சைடு மிரர், ஹெட்லைட், கதவு கைப்பிடி குழி, பூட் ஓரம், இதுங்களுக்கு மட்டும் ஒட்டுங்க. ஒட்டறவர்கிட்ட டிபியூவா (அதான் இந்த யூரித்தேன் வகை) பிவிசியான்னு கேளுங்க, பிவிசி மலிவு, ஆனா சீக்கிரம் மஞ்சளடிச்சு வெறைச்சுப் போயிடும். படலத்தை வண்டி மேல வெச்சே பிளேடால வெட்டுவீங்களா, இல்ல கம்ப்யூட்டர்ல அளவெடுத்து வெட்டி கொண்டாருவீங்களான்னும் கேளுங்க, வண்டி மேல வெட்டினா பெயின்ட்ல பிளேடு கோடு விழற வாய்ப்பு இருக்கு. ஓரத்தை உள்பக்கமா மடிச்சு ஒட்டினா நல்லது, இல்லன்னா ஓரத்துல அழுக்கு சேந்து கருப்பு கோடா தெரியும்.

அங்கிள் சொன்ன டெஃப்ளான் தோசைக்கல்லுக்குத்தான் சரி. அதை தகட்டுல சூளைல 300 டிகிரிக்கு மேல சூடு பண்ணித்தான் பிடிக்க வெக்கறாங்க, உங்க காரை அப்படி சூளைல வெக்க முடியுமா? டப்பால அந்த பேர் இருக்கும், வேலை செய்யறது அதுல கலந்திருக்கற சாதா பாலிமர் சீலன்ட்தான். சீலன்ட்டை நான் மட்டமா சொல்லல, நாலஞ்சு மாசம் நிக்கும், வீட்லயே அரை நாள்ல தடவிக்கலாம், பட்ஜெட் இடிச்சா செராமிக்குக்கு பதிலா வருஷம் மூணு தடவ சீலன்ட் போட்டுக்கிட்டாலும் போதும். கார்னௌபா வேக்ஸ் பளபளப்புக்கு அழகு, நம்ம வெயில்ல ரெண்டு மாசம் நின்னா பெருசு.

ஆக நீங்க செய்ய வேண்டியது, முன்பக்கம் டிபியூ படலம், மத்த எடத்துக்கு ரெண்டு மூணு வருஷ செராமிக். வரிசையும் முக்கியம், படலம் முதல்ல, செராமிக் அப்பறம், மாத்தி செஞ்சா படலம் சரியா ஒட்டாது. வேலைக்கு விடறதுக்கு முன்னால பெயின்ட் தடிமன் மீட்டர் வெச்சு எல்லா பேனலையும் அளந்து காட்டச் சொல்லுங்க, சுத்தி 120, 130னு வந்து ஒரு கதவுல மட்டும் 250க்கு மேல போச்சுன்னா புது வண்டின்னாலும் எங்கயோ இடிச்சு பேனல் பீட்டர்கிட்ட (தகடு தட்டி பெயின்ட் அடிக்கறவர்) போய்ட்டு வந்திருக்குன்னு அர்த்தம், அதை ஷோரூம்ல கேளுங்க. ரீபெயின்ட் பண்ண எடத்துல படலம் ஒட்டினா பின்னால உரிக்கும்போது பெயின்ட்டும் கூடவே வந்துடலாம்.

செராமிக்கை வீட்லயே கிட் வாங்கி பூசலாமான்னு அடுத்து கேப்பீங்க. நான் பூசியிருக்கேன், பிப்ரவரி மாசம், புழுக்கம் பிழியுது, என் பழைய கருப்பு போலோ. பானட் முழுக்க ஒரே மூச்சுல தடவிட்டு நிதானமா தொடைக்கலாம்னு இருந்துட்டேன், அதுக்குள்ள அது பாதி இறுகிடுச்சு, மறுநாள் வெளிச்சத்துல பாத்தா எண்ணெ சிந்தின மாதிரி வானவில் திட்டு. அதை பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடிஞ்சுது, ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு. அதனால பூசணும்னா ஜூன் ஜூலைல, நிழல்ல, ரெண்டு அடிக்கு ரெண்டு அடி எடமா பூசி உடனுக்குடனே தொடைங்க. பூசினப்பறம் ஒரு நாள் முழுக்க தண்ணியே படக்கூடாது, ஒரு வாரத்துக்கு ஷாம்பூ வேணாம். உங்களுக்கு கராஜ் இல்ல, ஹாடிடா வேற இருக்கு, வேணாம், ஆள்கிட்டயே குடுத்துடுங்க, அந்த ஒரு ராத்திரி வண்டி அவங்க ஷெட்லயே நிக்கட்டும்.

துரு விஷயத்துல ஏமாந்துடாதீங்க, செராமிக் போட்டா துரு வராதுங்கறது மேல் பெயின்ட்டுக்கு வேணா ஓரளவு பொருந்தும், கல்லடி பட்ட எடத்தை விட்டா துரு பெரும்பாலும் வர்றது அடியிலயும் கதவுக்குள்ளயும்தான். கடலோரம் போய்ட்டு வந்தா அடிப்பக்கம், சக்கர வளைவு எல்லாம் தண்ணி அடிச்சு விடுங்க, கதவு கீழ இருக்கற தண்ணி போற ஓட்டை அடைக்காம இருக்கான்னு பாருங்க. அடிப்பக்கத்துக்கும் உள் இடுக்குக்கும் கேவிட்டி வேக்ஸ்னு துரு தடுக்கற மெழுகு அடிச்சுக்கலாம், டோங்காட்ல இருக்கறவங்களுக்கு நான் அதை செராமிக்குக்கு முன்னாடியே சொல்லுவேன். அவர் ஜோபர்க் போறப்ப மத்தியானம் ஆலங்கட்டி மழை வந்தா எந்த கோட்டிங்கும் காப்பாத்தாது, கூரைக்கு அடில போய் நிக்கச் சொல்லுங்க.

அப்பறம் பூஜை. புது வண்டிய கோயிலுக்கு கொண்டு போவீங்க, எலுமிச்சம்பழம் டயருக்கு அடில வெக்கறதுல ஒரு பிரச்சினையும் இல்ல. ஆனா மஞ்சள் குங்குமத்தை பானட்ல கொழைச்சு வெச்சுட்டு மூணு நாள் வெயில்ல விடாதீங்க, பொட்டு வெக்கறதை கண்ணாடில வெச்சுக்குங்க. எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் புது பாக்கி (பிக்கப் வண்டி) மேல வெத்தலைய போட்டு அதுலயே கற்பூரம் ஏத்தினார், வெத்தலை சுருங்கி கற்பூரம் பெயின்ட்லயே எரிஞ்சு கொப்புளம் வந்துடுச்சு. தட்டுல ஏத்தி காட்டச் சொல்லுங்க, ஐயர் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டார். கோட்டிங் போடறதா இருந்தா பூஜை முடிச்சு, வண்டிய நல்லா கழுவிட்டு, அதுக்கப்பறமே கோட்டிங் போடறவர்கிட்ட விடுங்க.