வாசகர் கேள்வி: கட்டுமான மண்ணும் மழைநீர் வடிகாலும்

கேள்வி: ஆடி மாதத்தில் எங்கள் மனையில் வீட்டு வேலைக்காக வானம் தோண்டினோம். தோண்டிய மண்ணைத் தெருவோரம் குவித்து வைத்திருந்தோம். சென்ற வாரம் பெய்த ஒரே மழையில் குவியலின் ஒரு பகுதி கரைந்து வடிகாலுக்குள் இறங்கிவிட்டது. மண் இயற்கையானதுதானே, அது எப்படி நீரை மாசுபடுத்தும் என்று மேஸ்திரி கேட்கிறார். வடகிழக்குப் பருவமழைக்கு முன் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, மாடம்பாக்கம்

பதில்: மேஸ்திரி சொல்வதில் பாதி சரிதான். இருந்த இடத்தில் இருக்கும்வரை மண் நம் உடைமை. வடிகாலுக்குள் போய்விட்டால் அது அடைப்பு. சென்னையும் அதன் புறநகரும் பெரும்பாலும் சமதளமானவை. ஆகவே இங்குள்ள வடிகால்களில் நீர் மெல்லத்தான் நகரும், அது சுமந்து வரும் மணலும் வண்டலும் வழியிலேயே படிந்து, அடுத்த பெருமழைக்கு வேண்டிய கொள்ளளவைத் தின்றுவிடும். படியாமல் தப்பிய நுண்துகள்கள் ஏரியைச் சேர்ந்து, நீர்த்தாவரங்களுக்கு வெளிச்சம் கிடைக்காமல் செய்கின்றன. மீன்களின் செவுள்களிலும் படிகின்றன. கட்டுமான இடத்து மண்ணோடு சிமென்ட், டீசல், பெயின்ட் ஆகியவையும் சேர்ந்தே போகின்றன என்பதை மேஸ்திரியிடம் நினைவூட்டுங்கள்.

செய்ய வேண்டியவற்றுள் முதன்மையானது, கலங்கிய நீரை வடிகட்டுவதன்று, மண் கரையாமல் காப்பதே. பெரிய மழைத்துளி ஒன்று மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தாக்குகிறது. மூடாத மண்கட்டி அந்த அடியிலேயே உடைந்துவிடுகிறது. ஓடும் நீர் அதற்குப் பிறகுதான் அதைச் சுமந்து செல்கிறது. எனவே குவியலை மனைக்குள் வடிகாலிலிருந்து தள்ளி மாற்றித் தார்ப்பாயால் மூடி, அதன் ஓரங்களில் மணல் மூட்டைகளை அடுக்குங்கள். எம்-சாண்ட் எனும் செயற்கை மணலையும் இவ்வாறே காக்க வேண்டும். விலை கொடுத்து வாங்கிய பொருள் என்பதால் இதற்கு எவரும் தடை சொல்லமாட்டார்கள். கட்டுமானக் கழிவு வடிகாலை அடைக்காமல் பார்த்துக்கொள்வது அதை உண்டாக்குபவரின் பொறுப்பு என்று 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளிலேயே கூறப்பட்டது.

அடுத்து, மனையின் தாழ்வான பக்கத்தில் வயலுக்குப் போடுவதுபோல் ஒரு வரப்புப் போட்டு, நீர் சற்றே தேங்கித் தெளிந்தபின் வெளியேறுமாறு செய்யுங்கள். பலர் இதற்குப் பதிலாகப் பச்சை வலையைக் கட்டிவிட்டு நிம்மதியடைகிறார்கள். அது வண்டலைத் தடுக்காது. இதற்கென விற்கப்படும் நெருக்கமான துணியாக இருந்தாலும், அதன் அடிப்பகுதியை அரையடி ஆழத்துக்கு மண்ணில் புதைக்காவிட்டால் நீர் அதன் கீழே நுழைந்து ஓடிவிடும். லாரி நுழையும் வாயிலில் பருமனான ஜல்லியைப் பரப்பினால் சக்கரத்துச் சேறு பெருமளவு உள்ளேயே உதிர்ந்துவிடும்.

கலவை இயந்திரத்தைக் கழுவும் நீரைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் காரத்தன்மை பிஎச் 12 அளவுக்கு உயரக்கூடும் என்பதால், அதை வடிகாலிலோ மரத்தடியிலோ ஊற்றாமல், பிளாஸ்டிக் விரித்த ஒரு குழியில் விட்டு உலரவைத்து, இறுகிய கட்டியைக் கட்டடக் கழிவோடு சேர்த்து அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி: நான் சிங்கப்பூரில் ஒரு கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளராகப் பணிபுரிகிறேன். வண்டல் தொட்டியில் ஒரு நாள் முழுவதும் நீரை நிறுத்தி வைத்தும் அது தெளியவில்லை. தொட்டி சிறியதாக இருப்பதுதான் காரணமா?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: தொட்டியைவிடத் துகளின் அளவே இதற்குக் காரணமாக இருக்கும். ஒரு மீட்டர் ஆழமுள்ள அசையாத நீரில் 0.1 மில்லிமீட்டர் மணல்துகள் ஏறத்தாழ 2 நிமிடங்களில் அடியைத் தொட்டுவிடும், 0.01 மில்லிமீட்டர் வண்டலுக்குச் சுமார் 3 மணி நேரம் ஆகும்; 0.001 மில்லிமீட்டர் களிமண் துகளுக்கோ பத்து நாள்களுக்கு மேல் வேண்டும். துகளின் விட்டம் பத்தில் ஒரு பங்காகும்போது அது இறங்கும் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடுகிறது. களிமண் நிறைந்த தளத்தில் தொட்டியைப் பெரிதாக்கிக்கொண்டே போவதால் பெரும்பயன் இல்லை.

நம் ஊர்க் கிணற்று நீரைத் தெளியவைக்கப் படிகாரம் போட்டதும், பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்ததும் இதே சிக்கலுக்குக் கண்ட தீர்வுகளே. தனித்தனியே மிதக்கும் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதானால் விரைந்து இறங்கும். பெரிய தளங்களில் உள்ள சுத்திகரிப்புக் கருவிகளும் மருந்து கலந்து இதையே செய்கின்றன. ஆனால் அளவு மிகுந்தால் மருந்தே மாசாகிவிடும் என்பதால், உங்கள் தளத்தின் மண் அரிப்புக் கட்டுப்பாட்டு வல்லுநரைக் கேட்காமல் எதையும் கலக்காதீர்கள்.

வெளியேற்றும் நீரில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று அங்குள்ள நீர்வள அமைப்பான பொதுப் பயனீட்டுக் கழகம் வரம்பு விதித்திருப்பது வெறும் கண்டிப்பன்று. அந்நாட்டு நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி; அங்குள்ள வடிகால்கள் பல, குடிநீர்த் தேக்கங்களில் போய் முடிகின்றன.

உடனடியாக ஒன்றைச் சரிபாருங்கள். உறிஞ்சு குழாயின் வாய் தொட்டியின் அடியில் கிடந்தால், படிந்த சேற்றையே மீண்டும் கலக்கி வெளியேற்றிக்கொண்டிருப்பீர்கள். அதை ஒரு மிதவையில் கட்டி மேல்மட்ட நீரை மட்டும் எடுக்கச் செய்யுங்கள். தளத்தின் மூடப்படாத சரிவுகளிலிருந்து தொட்டிக்கு வரும் நீரையும் அப்படியே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.