முன் அலசல், பின் அலசல்

வணக்கம் சார்,

நாலைந்து வருடமாக உங்களைப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. விஷயம் சில்லறையாகத் தோன்றினால் மன்னியுங்கள்.

சோழிங்கநல்லூரில் இருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். வேலைக்காரி சொல்லாமல் கொள்ளாமல் லீவு போடுவதைத் தாங்க முடியாமல் போன வருடம் டிஷ்வாஷர் வாங்கினோம். மாமியார் ஒவ்வொரு தட்டையும் சோப்புப் போட்டுத் தேய்த்து, அலசி, அதற்குப் பிறகுதான் அதற்குள் அடுக்குகிறார். “எல்லார் எச்சிலும் ஒரே தண்ணியில சுத்துமே, அது எப்படிச் சுத்தமாகும்?” என்கிறார். கணவர் கூடவே வந்த புத்தகத்தை விரித்து, “அலசத் தேவையில்லைன்னு போட்டிருக்கு பாரும்மா” என்று தினமும் காட்டுகிறார். ராத்திரி பத்து மணிக்கு இந்தப் பஞ்சாயத்து தவறாமல் நடக்கிறது. காலையில் எல்லாவற்றையும் எடுத்து வைப்பது நான். யார் சொல்வது சரி?

இன்னும் மூன்று சந்தேகங்கள். எவர்சில்வர் டம்ளரில் வெள்ளையாகப் படிகிறதே, ஏன்? நம் சமையலுக்கு இந்த மெஷின் சரிப்படுமா? கரண்ட் பில் ஏறுமா?

எஸ். (முழுப் பெயர் வேண்டாம்.)

அன்புள்ள எஸ்.,

தினமும் ராத்திரி பத்து மணிக்கு ஒரு வீடு சண்டை போடுகிறது என்றால் அது சில்லறை விஷயம் இல்லை. உங்கள் கடிதம் வந்தபோது நான் சமையலறையில் ஒரு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அதனால்தான் வரிசையில் காத்திருக்கும் பெரிய பெரிய கடிதங்களை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

சின்னச் சந்தேகங்களை முதலில் தள்ளிவிடுகிறேன். வெள்ளைப் படிவு உங்கள் பகுதித் தண்ணீரின் கைவரிசை. போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் பெரும்பாலும் கடினத் தண்ணீர். மெஷினின் அடியில் உப்புக்கு ஒரு குழி இருக்கும். அதற்கென்று விற்கிற உப்பைப் போடுங்கள், சமையல் உப்பை அல்ல. நம் சமையலுக்குச் சரிப்படும். இரும்பு தோசைக்கல், மண்சட்டி, மரக்கரண்டி, பித்தளை, அலுமினியம், இவற்றை மட்டும் உள்ளே விடாதீர்கள். அலுமினியம் கறுத்துப் போகும். கரண்ட் பில்லைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், என் வீட்டுப் பில்லையே நான் பார்ப்பதில்லை.

இனி அலசல். உங்கள் கணவர் சொல்வது சரி. அவர் ஒரு நாளாவது அடுக்கியிருக்கிறாரா? கடிதத்தின்படி அடுக்குவது மாமியார், எடுத்து வைப்பது நீங்கள், புத்தகம் வாசிப்பது அவர். வாசிப்பை நான் குறை சொல்ல முடியாது, அதில்தான் என் பிழைப்பு. ஆனால் தினமும் பாத்திரம் தேய்க்கிற கைக்கு எதிரே புத்தகத்தை நீட்டுவதற்குக் கொஞ்சம் கூச்சம் வேண்டும்.

அவர் சொல்வது ஏன் சரி என்றால், இப்போதைய மெஷின்கள் பலவற்றில் தண்ணீரின் கலங்கலைப் பார்க்கிற கண் ஒன்று இருக்கிறது. தண்ணீருக்குள் ஒளியைச் செலுத்தி, எவ்வளவு மங்குகிறது என்று அளக்கும். கலங்கல் அதிகமென்றால் கூடுதல் தண்ணீர், கூடுதல் நேரம். நீங்கள் பளபளவென்று தேய்த்து வைத்தால் ‘பாத்திரம் சுத்தமாகத்தானே இருக்கிறது’ என்று அது சுருக்கமாக வேலையை முடித்துக்கொள்ளும். குக்கரின் அடியில் நீங்கள் கவனிக்காமல் விட்ட பருப்பு அப்படியே இருக்கும். தட்டில் இருக்கும் கறிவேப்பிலை, முருங்கைக்காய்ச் சக்கை, மிளகாய்க் காம்பு இவற்றை வழித்துக் கொட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் வடிகட்டியில் போய் அடைக்கும். வழித்தால் போதும், கழுவ வேண்டாம்.

தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. ஒரு தடவை முழுக்க ஓட இந்த மெஷினுக்குச் சுமார் 10 முதல் 15 லிட்டர் போதும். என் வீட்டில் ஒரு ராத்திரி, மெஷினில் வைப்பதற்காக அலசும்போது தொட்டிக் குழாயைக் கழற்றி அடியில் பக்கெட்டை வைத்துப் பார்த்தேன். ஒன்றரை பக்கெட் நிறைந்தது. அதாவது மெஷின் குடிப்பதைவிட அதிகமாக, மெஷினுக்காக ஊற்றியிருக்கிறேன். 2019 கோடையில் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தடவைக்கு 25 லட்சம் லிட்டராகத் தண்ணீர் வந்து இறங்கிய ஊரில் உட்கார்ந்துகொண்டு.

இவ்வளவும் உங்கள் கணவரின் புத்தகத்தில் ஏறக்குறைய இருக்கும். நான் சொல்ல வந்தது வேறு.

‘எச்சில்’ என்றாரே உங்கள் மாமியார், அந்தச் சொல்லில் நான் மாட்டிக்கொண்டேன். தமிழில் பாத்திரம் தேய்ப்பதைப் ‘பத்துப்பாத்திரம் தேய்ப்பது’ என்கிறோம். எண் பத்து இல்லை அது. பற்று, சோறு பற்றிக்கொண்ட பாத்திரம். சில வீடுகளில் சோற்றுப் பானையைத் தொட்ட கையால் மோர்ப் பானையைத் தொட்டுவிட முடியாது, ‘பத்து’ ஆகிவிடும். இன்னொரு பக்கம் எச்சில். அழுக்குக்கு மேலே இப்படி இரண்டு அடுக்குத் தீட்டை ஏற்றி வைத்திருக்கிறது நம் சமையலறை. அழுக்கை சோப்பு எடுக்கும். மற்ற இரண்டையும் எது எடுக்கும்?

இங்கே ஒரு வேடிக்கை. மெஷினில் போடுகிற வில்லையில் என்ன இருக்கிறது தெரியுமா? காரம் இருக்கிறது, கூடவே நொதிகள். புரதத்தை உடைக்க ஒன்று, மாவுச்சத்தை உடைக்க ஒன்று. இரண்டாவதன் பெயர் அமைலேஸ். நம் வாயில் ஊறுகிற எச்சிலிலும் அமைலேஸ்தான் இருக்கிறது. சோற்றை ரொம்ப நேரம் மென்றால் இனிக்கிறதே, அதன் வேலை. வில்லைக்கான அமைலேஸை நுண்ணுயிரிகளிலிருந்து எடுக்கிறார்கள். குடும்பம் ஒன்று, வேலை ஒன்று. உங்கள் மாமியார் எச்சிலைப் போக்கிவிட்டு உள்ளே வைக்கிறார். உள்ளே அந்தப் பாத்திரத்தை எச்சிலின் ஒன்றுவிட்ட தங்கை கழுவித் தருகிறாள். இதை அவரிடம் சொல்லாதீர்கள். மறுபடியும் ஒருமுறை தேய்ப்பார்.

சிரித்துவிட்டுப் போகத்தான் நினைத்தேன். ஆனால் மாயவரத்துக் கொல்லைப்புறம் வந்து நின்றுவிட்டது.

எங்கள் வீட்டுக்குப் பத்துப்பாத்திரம் தேய்க்க ஒருவர் வருவார். மூத்த மகனின் பெயரோடு ‘அம்மா’ சேர்த்துக் கூப்பிடுவோம். அவருடைய சொந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. மதியம் மூன்று மணிக்குக் கொல்லை வழியாக வருவார். கிணற்றடியில் பாத்திரங்கள் காலையிலிருந்து காய்ந்துகொண்டிருக்கும். அடிப்பிடித்த வெண்கலப் பானை, வற்றல் குழம்பு சுண்டிப்போன கல்சட்டி, பதினொரு பேர் சாப்பிட்ட தட்டு. தேங்காய் நார், சாம்பல், பித்தளைக்குப் புளி. விரல் இடுக்குகள் வெடித்திருக்கும்; புளி படும்போது உதட்டை மடித்துக்கொள்வார். “ஒரு சொம்பு தண்ணி ஊத்தி வச்சிருந்தீங்கன்னா சீக்கிரம் வந்துடும்மா” என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். “சரி சரி” என்பார்கள். யாரும் ஊற்றியதில்லை. கிணறு நாலடி தூரத்தில் இருந்தது.

தேய்த்து முடித்ததும் பாத்திரங்களைத் துவைகல்லின் மேல் கவிழ்த்து வைப்பார். கண் கூசும். அதற்குப் பிறகு பாட்டி என்னைக் கூப்பிடுவாள். எட்டு வயதில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது. சொம்பில் தண்ணீர் மொண்டு, பாத்திரங்களைத் தொடாமல், உயரத்திலிருந்து ஒரு சுற்று ஊற்ற வேண்டும். அப்புறம்தான் பாட்டி அவற்றை உள்ளே எடுப்பாள். அவர் பக்கத்திலேயே, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நிற்பார். நான் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். “அவங்கதான் நல்லாத் தேச்சிட்டாங்களே பாட்டி?” என்று ஒருநாள் கேட்டேன். “ஊத்துடா” என்றாள் பாட்டி.

எஸ்., இதை இரண்டு முறை சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் கழுவியபோது, அவர் கழுவிய பிறகு நாம் ஒருமுறை அலசினோம். ஒரு மெஷின் கழுவும்போது, அது கழுவுவதற்கு முன்னால் நாம் ஒருமுறை அலசுகிறோம். அவர் கை பட்டதைப் போக்கத் தண்ணீர் ஊற்றினோம். இதற்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று தண்ணீர் ஊற்றுகிறோம். ஒரு சொம்புத் தண்ணீர்தான். அதை எப்போது ஊற்றுகிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. அவர் கேட்டதும் அதே ஒரு சொம்பைத்தான். முன்னால் ஊற்றச் சொல்லிக் கேட்டார், நாங்கள் பின்னால் ஊற்றினோம்.

‘அதெல்லாம் அந்தக் காலம், அந்தச் சாதி’ என்று ஒதுங்கிக்கொள்ள நானும் ஆசைப்பட்டவன்தான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, எங்கள் அடுக்ககத்தில் வேலைக்கு வருகிறவர்களை உள்ளே விடக் கூடாது என்றதும், ஐம்பத்தாறு வயதில் முதன்முறையாகப் பாத்திரத் தொட்டியின் முன்னால் நின்றேன். காய்ந்த தோசைமாவு என்றால் என்ன என்று அன்றைக்குத் தெரிந்தது. சிமென்ட் அது. மூன்றாம் நாளே, சாப்பிட்டு எழும்போதே தட்டில் தண்ணீர் விட்டு வைக்கும் பழக்கம் எனக்குத் தானாக வந்தது. மூன்று நாள்! இருபது வருடமாக எங்கள் வீட்டில் தேய்த்தவருக்காக எனக்கு வராத புத்தி, என் நகம் வலித்ததும் வந்துவிட்டது.

அடுத்த வருடம் மெஷின் வாங்கினோம். பாத்திரம் இல்லையே என்று அந்த அம்மாவின் சம்பளத்தில் ஆயிரம் ரூபாயைக் குறைத்தோம். பெருக்கித் துடைக்க மட்டும் வந்தார். ஒருநாள் நான் குனிந்து, ஒவ்வொரு தட்டாக அலசி, பதமாக அடுக்கிக்கொண்டிருந்ததை வாசற்படியில் நின்று பார்த்தார். “இன்னா சார், மெசினுக்கு இம்மாம் மரியாத? எங்களுக்கு ஒரு நாளு தண்ணி ஊத்தி வச்சிருப்பீங்களா?” என்று சிரித்தார். கோபமே இல்லை அந்தச் சிரிப்பில். மாப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் தட்டோடு நின்றேன். உங்கள் கடிதம் வந்தபோது நின்றதும் அதே இடம்தான்.

இந்த மெஷின் பிறந்த கதையே அப்படி. ஜோசஃபின் காக்ரேன் என்ற அமெரிக்க அம்மையார், இல்லினாய் மாநிலத்தின் ஷெல்பிவில் ஊர்க்காரர், 1886இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். வீட்டில் வேலையாட்கள் உண்டு. பரம்பரைப் பீங்கான் தட்டுகளைக் கழுவும்போது அவர்கள் ஓரத்தை உடைத்துவிடுகிறார்கள் என்பதுதான் அவருக்குக் கவலை. தட்டின் மேல் வந்த இரக்கத்தில் பிறந்த மெஷின் அது; கையின் மேல் வந்த இரக்கத்தில் அல்ல. அவரைக் குறைவாகச் சொல்லவில்லை. கணவர் கடனை வைத்துவிட்டு இறந்த பிறகு, ஒரு மெக்கானிக்கைத் துணைக்கு வைத்துக்கொண்டு உருவாக்கி, 1893 சிகாகோ கண்காட்சியில் பரிசும் வாங்கினார். அந்தக் கண்காட்சியை ஒட்டி நடந்த சர்வமத சபையில்தான், சென்னை அன்பர்கள் வசூலித்துக் கொடுத்த பணத்தில் போன விவேகானந்தர் பேசினார். அவர் பேச்சை நாம் நூற்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். காக்ரேனின் மெஷின் நம் சமையலறைகளுக்குள் பரவலாக நுழைய ஓர் ஊரடங்கு வேண்டியிருந்தது. ஏன்? நம்மிடம் அதைவிட மலிவான மெஷின் இருந்தது. உப்பும் போட வேண்டாம், வில்லையும் போட வேண்டாம்.

‘சொல்லாமல் கொள்ளாமல் லீவு’ என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஆபீஸில் சொல்லிவிட்டு லீவு போடுகிறீர்கள், உங்களுக்கு லீவு என்று ஒன்று இருப்பதால். அவருக்கு வருடத்துக்கு எத்தனை நாள் கொடுத்திருந்தீர்கள்? சொல்லியிருந்தால் ‘சரி’ என்றிருப்பீர்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்தாலும் பரவாயில்லை.

மாமியாரிடம் வருகிறேன். அவரைப் பழமைவாதி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அவர் எந்தக் கிணற்றடியில் வளர்ந்தார், சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாரா, நாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கேட்டிருக்க மாட்டீர்கள். ஒருவேளை அவரே பத்துப் பதினைந்து பேருக்குத் தேய்த்த மருமகளாக இருந்திருக்கலாம். காய்ந்த பாத்திரத்தோடு இன்னொருவரை விடக் கூடாது என்று கற்ற கை, ஆளா மெஷினா என்று பார்க்காமல் அலசிக்கொண்டிருக்கலாம். அப்படியென்றால் என் பாட்டிக்கும் எனக்கும் இல்லாத குணம் அது. ராத்திரி பத்து மணிக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று கேளுங்கள். கேட்டுக்கொண்டே தட்டை வழித்து அவர் கையில் கொடுக்கும் வேலையை உங்கள் கணவர் செய்யட்டும்.

அலச வேண்டாம் என்று நான் சொன்னதாக மாமியாரிடம் சொல்லலாம். கேட்க மாட்டார். சோப்பை மட்டுமாவது விடச் சொல்லுங்கள், நுரை உள்ளே போனால் மெஷினுக்கு ஆகாது.

கடைசியாக ஒன்று. பிரசுரிப்பதற்கு முன் கடிதங்களில் பிழை திருத்துவது என் வழக்கம். உங்கள் கடிதத்தில் ‘வேலைக்காரி’ என்று ஓரிடத்தில் வருகிறது. மாற்றலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். மாற்றவில்லை.