அழுது முடிக்க விடுங்கள்

வணக்கம் ஐயா,

நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அம்மா அரூர் பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறார். மாலையில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தால் ஒன்பதரை வரை எழுந்திருக்க மாட்டார். நான்கு வருடமாக அவர் பார்த்துவந்த தொடரில், கதையின் நாயகியான மருமகளைப் போன மாதம் கார் விபத்தில் சாகடித்துவிட்டார்கள். அந்த நடிகை தொடரிலிருந்து விலகிவிட்டாராம். மூன்றாம் நாள் படத்துக்கு மாலை போட்டார்கள். அடுத்த வாரமே கணவனுக்கு இரண்டாம் கல்யாணப் பேச்சு வந்துவிட்டது. அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. போனில், “அந்தப் பெண்ணுக்குப் பதினாறாம் நாள்கூடச் செய்யவில்லையே” என்றார். நான் சிரித்துவிட்டேன். “அது கதை அம்மா, அந்த நடிகை வேறு சேனலில் நன்றாகத்தான் இருக்கிறார்” என்றேன்.

முக்கியப் பாத்திரங்களை இப்படிச் சாகடிப்பது சரியா? வயதானவர்கள் பார்க்கும் தொடர்களுக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டாமா? வெளிநாட்டுத் தொடர்களில் நாயகனையே கொல்வதை யதார்த்தம் என்று பாராட்டுகிறார்கள். நாமும் அப்படி மாற வேண்டுமா? அம்மாவை இந்தப் பழக்கத்திலிருந்து எப்படி மீட்பது?

மு., ஓசூர்

அன்புள்ள மு.,

தொலைக்காட்சித் தொடர்கள் பற்றி வரும் கடிதங்களுக்கு வழக்கமாக நான் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதத்தில் உங்கள் அம்மா சொன்ன ஒரு வாக்கியம் இருக்கிறது, அதற்காக எழுதுகிறேன். சில வாரங்களாக நான் எழுதிவரும் கதையில் ஒரு முதியவர் சாக வேண்டும். அவர் செத்த பிறகு அந்த வீட்டுக்குள் எப்படி நுழைவது என்பதிலேயே பேனா நிற்கிறது. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் உங்கள் சிரிப்பு. அது எனக்குப் பிடிக்கவில்லை. நான்கு வருடமாக, வாரத்தில் ஆறு நாள், ஒரு பெண் உங்கள் அம்மாவின் வீட்டுக்குத் தவறாமல் வந்துபோயிருக்கிறாள். அந்த நான்கு வருடத்தில் நீங்கள் எத்தனை முறை போனீர்கள் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். வந்துகொண்டிருந்தவள் ஒருநாள் வராமல் போனால் சோறு இறங்காதுதான். அது கதை என்று அவருக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள், தம்பி? நன்றாகத் தெரியும். நடிகை சௌக்கியமா என்று அவர் உங்களிடம் விசாரிக்கவில்லை. கதைக்குள் ஒரு சாவு விழுந்திருக்கிறது, அதற்குச் செய்ய வேண்டியதை அந்த வீட்டார் செய்யவில்லை என்கிறார். தொடர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் விமர்சனங்கள் எதிலும் இவ்வளவு கூர்மையான வாக்கியம் ஒன்றை நான் படித்ததில்லை. அதைக் கேட்டுவிட்டுத்தான் நீங்கள் சிரித்திருக்கிறீர்கள்.

சாகடிக்கலாமா என்றால், தாராளமாகச் சாகடிக்கலாம். கட்டுப்பாடு, தடை என்பதெல்லாம் வேண்டாத பேச்சு. அதிலும் தருமபுரிச் சீமையில் பிறந்த ஒருவர் நாயகனைக் கொல்லலாமா என்று கேட்கக் கூடாது. நம் மண்ணின் நாயகன் அதியமான் நெடுமான் அஞ்சி, சேரன் பெருஞ்சேரல் இரும்பொறையோடு மோதிய தகடூர்ப் போரில் வீழ்ந்தவன். தகடூர் என்பது தருமபுரியின் பழைய பெயர். அவனுக்காக அவ்வை பாடிய கையறுநிலை, அதாவது இறந்தவனை நினைத்துப் புலம்பும் பாட்டு, புறநானூற்றில் 235-ஆவது. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடக் கேட்டு மகிழ்ந்து உண்பான் என்று தொடங்குகிறாள். நரந்தம் என்ற நறுமணப் பொருள் மணக்கும் தன் கையால், புலால் நாறும் என் தலையைத் தடவிக்கொடுப்பான் என்கிறாள். பக்கத்தில் இருந்து பழகியவளுக்கு மட்டுமே தெரிந்த ஞாபகங்கள். அதற்குப் பிறகுதான் வேல் வருகிறது. அவன் மார்பில் பாய்ந்த வேல் அங்கே நிற்பதில்லை. பாணர்களின் உண்கலத்தைத் துளைக்கிறது, இரப்பவர்களின் கைகளை ஊடுருவுகிறது, அவன் காத்த சுற்றத்தாரின் கண்பாவையை ஒளியிழக்கச் செய்கிறது, கடைசியில் புலவர்களின் நாவில் போய் விழுகிறது. உங்கள் அம்மா பார்த்த தொடரில் வந்த கார், அந்த வீட்டில் வேறு யார் மீதும் மோதவில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

நடிகர் விலகிவிட்டால் என்னதான் செய்வார்கள் என்று கேட்கலாம். எல்லா ஊரிலும் இந்தச் சங்கடம் உண்டு. அமெரிக்காவில் ‘மாஷ்’ என்ற தொடர், கொரியப் போர்க்காலத்து ராணுவ மருத்துவமனை ஒன்றின் கதை. அதில் ஹென்றி பிளேக் என்ற தலைமை அதிகாரியாக நடித்த மெக்லீன் ஸ்டீவன்சன் 1975-இல் விலகினார். கதையில் பிளேக் பணி முடிந்து ஊருக்குக் கிளம்புகிறார், எல்லோரும் வழியனுப்புகிறார்கள். கடைசிக் காட்சியில் அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்குள் இளம் எழுத்தர் ஒருவன் வருகிறான். பிளேக் போன விமானம் ஜப்பான் கடலுக்கு மேலே சுட்டு வீழ்த்தப்பட்டது, யாரும் பிழைக்கவில்லை என்று படிக்கிறான். முகத்துணிக்கு மேலே கண்கள் கலங்க, மருத்துவர்கள் கையில் இருக்கும் அறுவையைத் தொடர்கிறார்கள். நேயர்கள் கோபித்துக்கொண்டு கடிதங்களாகக் கொட்டினார்கள். பிளேக் திரும்பி வரவில்லை. அதே நாட்டில் ‘டல்லஸ்’ தொடரில் 1985-இல் கார் மோதி இறந்த பாபி, 1986-இல் குளியலறையில் உயிரோடு நின்றான். இடையில் ஓடிய ஒரு பருவத்துக் கதை முழுவதும் மனைவி கண்ட கனவு என்று சொல்லிவிட்டார்கள். அவனுக்காக அழுதவர்களின் கண்ணீரும் கனவில் வந்ததா? எனக்கு இன்றைக்கும் அது மன்னிக்க முடியாத காரியமாகவே படுகிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது அமெரிக்காவைப் பற்றி இல்லை.

என் அம்மாவைப் பெற்ற பாட்டிக்குப் பென்னாகரம் பக்கத்தில் ஊர். அங்கே திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. வில் வளைப்பு, சூதாட்டமும் திரௌபதியின் துகிலுரிப்பும் வரும் பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது என்று வளர்ந்து, அதற்கப்புறம் சாவு தொடங்கிவிடும். அபிமன்னன் சண்டையில் அந்தப் பிள்ளை சாவான். கர்ண மோட்சத்தில் கர்ணன். பதினெட்டாம் போர் ஆடி முடித்து விடிந்தால் துரியோதனன்.

கர்ண மோட்சத்தில் அவன் களத்துக்குப் போகுமுன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறுவதற்கே நள்ளிரவு தாண்டிவிடும். அவள் தடுத்துப் பாடுவாள், அவன் பதில் பாடுவான், மத்தளம் தணிந்து முகவீணை மட்டும் கூடவே வரும். அவன் சாகப்போகிறான் என்பது பாயில் தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். இருந்தும் ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள். வட மாவட்டங்களில் பல ஊர்களில், வீட்டில் சாவு விழுந்தால் காரியத்தன்று கர்ண மோட்சம் ஆடவைக்கும் வழக்கமே இருக்கிறது. உங்கள் அம்மா சொன்ன பதினாறாம் நாளைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது அதுதான்.

துரியோதனன் வீழ்வதை நடித்துக் காட்டும் படுகளத்தன்று கோயில் திடலில் மண்ணால் அவன் உருவத்தைச் செய்து மல்லாக்கப் படுக்கவைத்திருப்பார்கள். முறுக்கிய மீசை, விழித்த கண்கள், கிரீடம், உடம்பெல்லாம் வண்ணம். தொடைக்குள் செந்நீர் நிறைத்த குடம் ஒன்று புதைந்திருக்கும். பீமன் வேடக்காரர் கதாயுதத்தை ஓங்கி அடித்ததும் குடம் உடைந்து, சிவப்பு நீர் மண்ணில் ஊறிப் பரவும். திரௌபதியின் விரித்த கூந்தலில் அதைத் தொட்டுத் தடவி முடிவார்கள்.

பகடை துகில் இரவில் துரியோதனனுக்கு மண்ணை வாரித் தூற்றியவர் என் பாட்டி. அதே பாட்டி, படுகளத்துக் காலையில் காந்தாரி வேடக்காரர் மாரடித்து ஒப்பாரி வைக்கும்போது, அந்த மண்ணுருவத்தின் கால்மாட்டில் போய் உட்கார்ந்துவிடுவார். முதலில் காந்தாரி பாடும் வரிகளையே தானும் சொல்லி அழுவார். சற்று நேரத்தில் வரிகளுக்கு நடுவே என் பெரிய மாமாவின் பெயர் வந்துவிடும். மாமா இளவயதில் பாம்பு கடித்து இறந்தவர். நான் அவரைப் பார்த்ததில்லை. வருடம் முழுவதும் அந்தப் பெயரை வீட்டில் யாரும் எடுக்க மாட்டார்கள். சுற்றிலும் உட்கார்ந்திருக்கும் பெண்கள் ஆளுக்கொரு பெயரைச் சொல்லி அழுதுகொண்டிருப்பார்கள், யாரும் யாரையும் தேற்ற மாட்டார்கள். அழுது முடித்ததும் பாட்டி முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த மண்ணில் ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்துவந்து கேழ்வரகுக் குதிரில் போடுவார். மாலையில் தீமிதிக்கு வரும் உறவுக்காரர்களுக்குச் சமைக்கப் போய்விடுவார்.

2023 செப்டம்பர் 8 அன்று, ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த இயக்குநர் மாரிமுத்து, அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சு வலித்து, அன்றே இறந்துபோனார். வீட்டுப் பெண்களை அடக்கி ஒடுக்கும் அந்தப் பாத்திரத்தை நாள்தோறும் வைது தீர்த்த எங்கள் தெருப் பெண்கள், அன்று மாலை வாசலில் கூடி அவருக்காக அழுததைப் பார்த்தேன். பிறகு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்த வேடத்தை ஏற்றார், கதை நடந்தது. எனக்கு அன்று படுகளத்தின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த பாட்டி நினைவுக்கு வந்தார்.

நம் தொடர் எழுதுகிறவர்கள் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். ஒருவரை மாடிப்படியில் உருட்டிவிட்டு, பிழைப்பாரா மாட்டாரா என்று ஐசியூ கதவை மூன்று வாரம் காட்டுவார்கள். மருத்துவர் வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றினால் ‘தொடரும்’ போட்டுவிடுவார்கள். சாவு உறுதியான மறுநாளே அவர்களுக்கு அவசரம் வந்துவிடுகிறது, அடுத்த சதிக்குப் போக வேண்டும். நான் வேண்டுவது இதற்கு நேர் எதிரானது. சாவை ஒரே நாளில் முடித்துவிடுங்கள், அதற்குப் பிறகு மூன்று வாரம் அந்த வீட்டிலேயே இருங்கள்.

ஒரு வீட்டில் சாவு என்பது என்ன? கொடியில் காய்ந்துகொண்டிருக்கும் புடவையை யார் எடுத்து மடிப்பது என்று இரண்டு நாள் யாரும் தொடாமல் கிடக்கும். உலை வைக்கும்போது கை பழக்கத்தில் ஒரு ஆள் அரிசி கூடப் போட்டுவிடும். இறப்புச் சான்றிதழ் வாங்க ஆதார் நகலோடு அலைய வேண்டும். ரேஷன் அட்டையில் பெயர் நீக்கக் கொடுத்துவிட்டு, புது அட்டையில் அந்தப் பெயர் இல்லாததைப் பார்த்து நிற்க வேண்டும். போனில் அவருடைய எண்ணை அழிப்பதா வேண்டாமா என்று பிள்ளைகளுக்குள் வாக்குவாதம் வரும். நகையை யார் எடுப்பது என்று பேச்சு வரும், அந்தப் பேச்சை முதலில் எடுத்தவரைப் பிறகு யாரும் மறக்க மாட்டார்கள். தினமும் வருகிற தொடருக்கு இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்? மாமியார், மருமகள், நாத்தனார், கணவன் அத்தனை பேரும் அந்த நாட்களில்தான் யார் என்று தெரியும். சண்டைக்கும் குறைவில்லை, கண்ணீருக்கும் குறைவில்லை. பதினாறு நாள் காரியத்தைப் பதினாறு பகுதிகளாக எடுக்கிற துணிச்சலான ஒரு தொடர் வந்தால், உங்கள் அம்மாவோடு சேர்ந்து நானும் உட்கார்ந்து பார்ப்பேன். யதார்த்தம் என்று நீங்கள் எழுதியிருந்தீர்களே, நாயகனின் தலையைத் திடீரென்று வெட்டிக் காட்டினால் அது வந்துவிடாது. அதிர்ச்சி விளம்பர இடைவேளைவரை தாங்கும், அவ்வளவுதான்.

கடைசியாக, அம்மாவை எப்படி மீட்பது என்று கேட்டிருந்தீர்கள். மீட்க என்ன இருக்கிறது? அம்மா தனியாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பாவைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. அவர் காலமாகிவிட்டார் என்றே நினைத்துக்கொள்கிறேன், தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவருடைய பதினாறாம் நாள் காரியம் எப்படி நடந்தது? லீவு கிடைக்காமல் அவசர அவசரமாக மூன்றாம் நாளிலேயே எல்லாவற்றையும் சேர்த்து முடித்துக்கொண்டு ஓசூருக்குப் பஸ் ஏறினீர்களா? இப்போது பல வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போங்கள். அந்த மருமகள் நான்கு வருடமாக என்னென்ன செய்தாள் என்று அம்மாவிடம் கேளுங்கள், முழுவதையும் சொல்ல விடுங்கள். பேச்சு அப்பாவிடம் போனால் குறுக்கே பேசாதீர்கள். பிறகு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.