ஓஷ்கோஷுக்குப் போகும் மகளிடம் என்ன சொல்லி அனுப்புவது?

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து எழுதியிருந்த அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பத்தாம் வகுப்பு. நடவு வயலில் நிற்கும்போது தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தின் சுகோய் போர் விமானம் தலைக்கு மேல் போனால், கையிலிருக்கும் நாற்று முடிச்சைக் கீழே போட்டுவிட்டு அண்ணாந்து பார்க்கிற பெண். சிகாகோவில் இருக்கும் உங்கள் தம்பி, வரும் ஜூலையில் அவளை வரவழைத்து ஓஷ்கோஷ் விமான விழாவைக் காட்டுகிறேன் என்கிறார். பிளஸ் ஒன் தொடங்கிய கையோடு பத்து நாள் பள்ளி போய்விடுமே, இது படிப்புக்கு உதவுமா, இல்லை வெறும் வேடிக்கையா என்று கேட்கிறீர்கள்.

அனுப்புங்கள். ஆனால் வானத்தை மட்டும் பார்த்துவிட்டு வரக்கூடாது என்று சொல்லி அனுப்புங்கள்.

இந்த விழா என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஃப்ளை-இன் என்றால் விமானம் வைத்திருப்பவர்கள் தாங்களே ஓட்டிக்கொண்டு வந்து ஓரிடத்தில் கூடுவது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஓஷ்கோஷ் என்ற ஊரில் ஒவ்வோர் ஆண்டும் ஜூலைக் கடைசியில் ஒரு வாரம் நடக்கிறது. நம் கணக்கில் ஆடிப்பெருக்குக்கு முந்தின வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடத்துவது எக்ஸ்பெரிமெண்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன். வீட்டுக் கொட்டகையில் சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களுக்காக 1953-இல் பால் போபரெஸ்னி என்பவர் தொடங்கிய சங்கம் அது. விழா 1970 முதல் ஓஷ்கோஷில் நிலைத்துவிட்டது. ஏர்வெஞ்சர் என்று பெயர்.

கும்பகோணத்தில் பாதி அளவுகூட இல்லாத ஊர். அந்த ஒரு வாரத்தில் ஆறு லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள், பத்தாயிரம் விமானங்கள் வந்து இறங்குகின்றன. 2016 மகாமகத்துக்குப் போயிருந்தீர்கள் என்றால் அந்தக் கூட்டம் எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வந்தவர்கள் பலர் தங்கள் விமானத்தின் இறக்கைக்குக் கீழேயே கூடாரம் போட்டுத் தூங்குகிறார்கள்.

பிற்பகலில் சாகசக் காட்சி நடக்கும். வாரத்தில் இரண்டு நாள் இரவிலும் உண்டு. பழைய போர் விமானங்கள், புகை விட்டுக் குட்டிக்கரணம் அடிக்கிற விமானங்கள் எல்லாம் வரும். அதைப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, அவளே பார்த்துக்கொள்வாள். நான் அக்கறைப்படுவது காலை நேரத்தைப் பற்றி.

முதல் நாள் காலை ஓடுதளத்தைப் பார்க்கிற இடத்தில் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். விமானங்கள் எப்படி வந்து சேர்கின்றன என்பதைப் புரிந்துகொண்டு பார்த்தால் அந்த ஒரு மணி நேரமே ஒரு பாடம். சிறு விமானங்கள் ரிப்பன் என்ற ஊருக்கு மேல் வரிசைக்கு வந்து, கீழே தெரியும் ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே அரை மைல் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பெரும்பாலும் 90 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறக்குறைய 167 கிலோமீட்டர். ஃபிஸ்க் என்ற சின்னக் கிராமத்தில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் தரையில் நின்று பைனாகுலரில் பார்க்கிறார்கள். விமானத்தின் நிறத்தையும் வடிவத்தையும் சொல்லிக் கூப்பிட்டு, இறக்கையை ஆட்டச் சொல்கிறார்கள். விமானி வாயைத் திறக்க வேண்டியதில்லை, இறக்கையை ஆட்டினால் கேட்டுவிட்டது என்று அர்த்தம். நம் நீடாமங்கலம் ஜங்ஷனில் மன்னார்குடி வண்டி பிரிகிறதே, அதே மாதிரி அங்கிருந்து சில விமானங்கள் தண்டவாளத்தோடு தொடரும், சில சாலையைப் பிடித்து வேறு ஓடுதளத்துக்குத் திரும்பும். ஓடுதளத்தில் பெரிய வண்ணப் புள்ளிகள் வரைந்திருப்பார்கள். ஒருவரைப் பச்சைப் புள்ளியில் இறங்கச் சொன்னால், அடுத்தவரை ஆரஞ்சுப் புள்ளியில் இறங்கச் சொல்வார்கள். ஒரே ஓடுதளத்தில் அடுத்தடுத்து இறங்கிக்கொண்டே இருப்பார்கள். மணிக்கு நூறுக்கு மேல் ஏற்றமும் இறக்கமும் நடக்கும். உலகத்திலேயே வேலை அதிகமுள்ள கண்ட்ரோல் டவர் அந்த வாரம் அதுதான் என்கிறார்கள். இளஞ்சிவப்புச் சட்டை போட்ட கட்டுப்பாட்டாளர்கள்தான் இத்தனையையும் நடத்துகிறவர்கள்.

அந்தச் சட்டைக்காரர்களைப் பார்த்து அவளுக்கு மனசு துள்ளினால், அது விமானியைவிட வேறொரு வேலை. நம் நாட்டில் அதற்கு இந்திய விமான நிலைய ஆணையம் ஜூனியர் எக்ஸிகியூட்டிவ் என்ற பெயரில் ஆள் எடுக்கிறது. இயற்பியல், கணிதத்தோடு பி.எஸ்சி., அல்லது பொறியியல் பட்டம் போதும். போட்டித் தேர்வு உண்டு, தேர்வானபின் பயிற்சியும் அவர்களே தருகிறார்கள். டெல்டாவில் பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு அடுத்து என்ன என்று விழிக்கிற எத்தனையோ பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது. எனக்கு அது தீராத வருத்தம்.

இரண்டாம் நாள் பட்டறைக் கொட்டகைகள். இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்பேன். தகட்டில் ரிவெட் அடிப்பது, வெல்டிங், இறக்கைக்குத் துணி இழுத்து ஒட்டுவது, மரச்சட்டம் செய்வது எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பார்கள். வந்தவர்கள் கையிலும் கருவியைக் கொடுத்துச் செய்யச் சொல்வார்கள். பக்கத்து வரிசையில் ஆள்கள் தாங்களே கட்டிய விமானங்களோடு நிற்பார்கள். அந்த நாட்டுச் சட்டப்படி பாதிக்கு மேற்பட்ட வேலையைச் சொந்தக் கையால் செய்திருந்தால்தான் அது சொந்தமாகக் கட்டியது என்ற கணக்கில் சேரும். அவர்களிடம் தயங்காமல் பேசலாம். எத்தனை வருஷம் ஆயிற்று, எந்த இடத்தில் தப்பு செய்து திரும்பப் பிரித்தீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். இந்தக் கேள்விக்கு அவர்கள் அரை மணி நேரம் பதில் சொல்வார்கள்.

ஏன் இதை வற்புறுத்துகிறேன் என்றால், பம்புசெட் நின்றுபோனால் அப்பாவோடு சேர்ந்து மோட்டாரைப் பிரித்து மாட்டுகிறாள் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். என் கண்ணில் உங்கள் கடிதத்திலேயே பெரிய செய்தி அதுதான். அந்தக் கைக்கு ஏற்ற வேலை விமானப் பராமரிப்புப் பொறியாளர், சுருக்கமாக ஏ.எம்.ஈ. பழுது பார்த்தபின் இந்த விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடும் உரிமை அவருக்குத்தான். அந்தக் கையெழுத்து இல்லாமல் எந்த கேப்டனும் வண்டியை எடுக்க முடியாது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ., சிஏஆர்-147 விதியின்கீழ் அங்கீகரித்த பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்து, பகுதி பகுதியாகத் தேர்வு எழுதி, வேலை அனுபவமும் காட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும்.

இதில் பல பெற்றோர் குழம்புகிறார்கள். பி.ஈ. ஏரோநாட்டிகல் வேறு, ஏ.எம்.ஈ. வேறு. முன்னது வடிவமைப்பும் ஆய்வும் படிக்கிற பட்டம். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் அப்துல் கலாம் படித்தாரே, அந்தத் துறை. அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு விமானத்துக்குக் கையெழுத்துப் போட முடியாது. இன்னொன்று, ‘ஏவியேஷன்’ என்று பெரிய எழுத்தில் பலகை மாட்டி விமான நிலைய மேலாண்மை டிப்ளமோ விற்கிறவர்கள். என்னிடம் வந்த ஒரு பையன் இரண்டரை லட்சம் கட்டிவிட்டு, அது விமானியாகவோ ஏ.எம்.ஈ. ஆகவோ ஆக்கும் படிப்பே இல்லை என்பதை இரண்டாம் வருஷம்தான் தெரிந்துகொண்டான். அவன் அப்பா அந்த அறையில் உட்கார்ந்திருந்த விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பணம் கட்டும் முன், எந்த விதியின்கீழ் டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் என்று காகிதத்தில் காட்டச் சொல்லுங்கள்.

சரி, எல்லாம் பார்த்தபின்பும் விமானி ஆகவேண்டும் என்றே அவள் வந்து நின்றால்? அதையும் தட்டிவிட வேண்டாம். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். விமானிகளில் பெண்களின் பங்கு இந்தியாவில் உலக சராசரியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் என்று அவர்களிடம் சொல்லுங்கள். கமர்ஷியல் லைசென்ஸுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். செலவு ஐம்பது லட்சத்தைத் தாண்டும். அதனால் நிலத்தை அடகு வைக்கும் பேச்சை எடுக்கும் முன்பே டி.ஜி.சி.ஏ. கேட்கும் கிளாஸ் 2, கிளாஸ் 1 மருத்துவப் பரிசோதனைகளை முடித்துவிடுங்கள். அவள் கண்ணாடி போட்டிருப்பது தடையில்லை, கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். நிறம் பிரித்தறிவதில் குறை இருக்கிறதா என்பதுதான் முக்கியம். பணம் இல்லாமல் பறக்க ஒரு வழி விமானப்படை. முப்படைக்கும் அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமியில், அதாவது என்.டி.ஏ.வில், 2022 முதல் பெண்களும் சேர்கிறார்கள். பிளஸ் டூ படிக்கும்போதே அந்தத் தேர்வை எழுதலாம்.

எந்த வழியானாலும் பிளஸ் ஒன்னில் கணிதமும் இயற்பியலும் இருக்கிற பிரிவை எடுக்கட்டும். கூட உயிரியலா கணினியா என்பது அவள் விருப்பம்.

இனி சின்ன விஷயங்கள். சிகாகோவிலிருந்து காரில் மூன்று மணி நேரம், தம்பி அழைத்துப் போய்விடுவார். நாள் முழுக்க நடை, அதனால் புது ஷூ வேண்டாம். வெயில் காயும், திடீரென்று இடி மழையும் வரும். 2010-இல் மைதானமே சேறாகி, வந்த விமானங்களை நிறுத்த இடமில்லாமல் திண்டாடினார்கள். நம் பிள்ளைக்குச் சேறு புதிதில்லை, ஒரு மழைக்கோட்டு மட்டும் கொடுத்து அனுப்புங்கள். சொந்தக்காரரைக் கேட்காமல் எந்த விமானத்தையும் தொடக்கூடாது. நின்றுகொண்டிருக்கிற புரொப்பெல்லர் பக்கத்தில்கூட போகக்கூடாது. இந்த இரண்டையும் மூன்று முறை சொல்லுங்கள். அண்மை ஆண்டுகளில் 18 வயது வரை நுழைவுக்கட்டணம் வாங்குவதில்லை, இந்த ஆண்டும் அப்படித்தானா என்று தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு நோட்டும் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு நாள் இரவும், இன்றைக்குப் பார்த்த வேலைகளில் எதை மழையிலும் வெயிலிலும் தினமும் செய்யச் சொன்னாலும் செய்வேன் என்று ஒரு பக்கம் எழுதட்டும். விமானத்தைப் பற்றி எழுத வேண்டாம், வேலையைப் பற்றி மட்டும். திரும்பி வந்ததும் அந்த நோட்டோடு என்னிடம் அழைத்து வாருங்கள். பிரிவு மாற்றுவதாக இருந்தாலும் என்.டி.ஏ.வுக்குத் தயாராவதாக இருந்தாலும் அதை வைத்துப் பேசலாம்.

பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்கிறீர்கள். அமெரிக்க விசா நேர்காணலுக்கு நாள் கிடைக்கவே சில சமயம் மாதக்கணக்கில் ஆகிவிடும். அதனால் பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த வாரமே தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துக்கு நேரம் பதிவு செய்துவிடுங்கள். ஆதாரிலும் பிறப்புச் சான்றிதழிலும் அவள் பெயரின் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று அதற்கு முன்பே சரிபார்த்து வையுங்கள்.